குதிரை லாயத்தில் ஒரு மழைக்காலம்

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில், கார் ஏற்றும் டிரெய்லர்கள் வரிசையாக நிற்கிற பெரிய யார்டு ஒன்று இருக்கிறது. அந்த இடத்தில் இங்கிலாந்து கிராமத்து வீடு ஒன்று இருந்தது என்று பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். உங்களிடம் சொல்லலாம். நம் வயதுக்காரர்களில் சிலர் அதன் மதிலேறி மாங்காய் அடித்திருப்பீர்கள். உள்ளே போயிருக்க மாட்டீர்கள். நான் அதன் குதிரை லாயத்தில் ஒரு மழைக்காலம் முழுக்கக் குடியிருந்தவள்.

ஏரி வேலைக்கு வந்த என்ஜினியர் துரை ஒருவர் கட்டியது என்பார்கள். அவுரி வியாபாரி என்றும் சொல்வார்கள். யாராக இருந்தாலும், தன் ஊரில் தான் பிறந்த வீட்டை அப்படியே இங்கே கட்டிப் பார்த்திருக்கிறார். பனி வழிந்து விழுவதற்காகச் செங்குத்தாகச் சரிந்த கூரை. அதைத் தாண்டி நிற்கும் செங்கல் புகைபோக்கி. ஹாலில் குளிர் காய்வதற்கு, பளிங்கு விளிம்பு வைத்த கணப்பு. வெயில் காலத்தில் நாய்கூட நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு குழி பறித்துப் படுக்கிற ஊர் நம் ஊர். அந்தக் கணப்புக்குள் தலையை விட்டுப் பார்த்திருக்கிறேன். கரியே கிடையாது. ஒரு நாள்கூட அதில் தீ எரிந்திருக்காது.

ஜன்னல்கள் மேலே கூராகி, சிவப்பும் நீலமுமாகக் கண்ணாடி பதித்தவையாக இருந்தன. முதல் நாள் ஹாலுக்குள் நுழைந்ததும் கோயில் என்று நினைத்து முழந்தாள் போட்டுவிட்டேன். சித்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எழுந்துருடி லூசு, இது சாமி வூடு இல்ல, துரை வூடு" என்று என்னைத் தூக்கி நிறுத்தினாள்.

சித்தி அம்மாவின் தங்கை. அவர்களுடைய அம்மாவும் அப்பாவும் போன பிறகு எங்களோடு இருந்தாள். அப்போது அவளுக்குக் கல்யாண வயது. எனக்கு முதல் நற்கருணை வாங்குகிற வயது.

அப்பா அந்தப் பங்களாவுக்கு வாட்ச்மேன். வீடு அப்போது மதராஸில் இருந்த ஒரு முதலாளி குடும்பத்துக்குச் சொந்தம். அவர்கள் வருஷத்துக்கு ஒரு தரம் வந்தால் அதிகம். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது ஒரு மேனேஜர். வெள்ளைச் சட்டை, சுருள் முடி, மெதுவான பேச்சு. அந்த வருஷம் ஐப்பசி மழையில் எங்கள் குடிசைச் சுவர் ஊறிச் சரிந்தபோது, "லாயம் சும்மாதானே கிடக்கு, வந்து இருந்துக்கோங்க" என்று சொன்னவர் அவர்தான். அப்பா அவரைத் தெய்வம் என்றே சொன்னார்.

லாயம் வீட்டுக்குப் பின்னால் தனியாக இருந்தது. குதிரைக்குக் கட்டிய இடம் எங்கள் குடிசையைவிட ஆயிரம் மடங்கு மேல். உயரமான வளைவு வாசல். உள்ளே குதிரைக்கு ஒரு தடுப்பாகத் தேக்குப் பலகை அடித்த அறைகள். ஒவ்வொரு தடுப்புத் தூணின் தலையிலும் ஒரு பித்தளைக் குண்டு. பலகைகளின் விளிம்பை அந்தக் காலத்துக் குதிரைகள் கடித்துக் கடித்துப் பள்ளமாக்கியிருந்தன. அந்தப் பள்ளங்களில் விரலை வைத்தால் பல் தடம் தெரியும். சுவரில் இரும்புத் தீனித் தொட்டி, அதற்குப் பக்கத்தில் குதிரையைக் கட்டுகிற வளையம். அம்மா தொட்டியில் அரிசிப்பானையை இறக்கி வைத்தாள். நாங்கள் ஒரு தடுப்பில் படுத்தோம், சித்திக்கு அடுத்த தடுப்பு. செங்கல் தரை, மூத்திரம் ஓடுவதற்காக நடுவில் இருந்த கால்வாயை நோக்கிச் சரிந்திருக்கும். தூக்கத்தில் எல்லாரும் கால்வாய்ப் பக்கம் உருண்டுவிடுவோம். மழை பெய்தால் அந்தச் செங்கலிலிருந்து குதிரை வாடை கிளம்பும். குதிரைகள் போய் எத்தனையோ காலம் ஆகியும் அந்த வாடை போகவில்லை. சில சமயம் வெந்நீர் ஆவி மாதிரி முகத்தில் அடிக்கும். மூச்சு விடுகிற ஏதோ ஒன்று பக்கத்தில் நிற்பது போல இருக்கும்.

வாசல் வளைவுக்கு உள்பக்கம் ஒரு மணி தொங்கியது. சுருள் கம்பியின் நுனியில், பூட்டு அளவுக்கு ஒரு பித்தளை மணி. அதிலிருந்து ஒரு கம்பி குழாய்க்குள் புகுந்து, லாயத்திலிருந்து வீட்டுக்குப் போகிற நடைபாதையின் கூரையை ஒட்டியே போய், வீட்டுச் சுவருக்குள் மறைந்தது. மாடி அறையில் கட்டில் பக்கத்தில் ஒரு பீங்கான் பிடி உண்டு, அதை இழுத்தால் லாயத்தில் மணி அடிக்கும், குதிரைக்காரன் வண்டி பூட்டுவான் என்று அப்பா சொன்னார்.

அந்த வீடு முழுக்க அப்படித்தான். வேலை செய்கிறவர்களின் குரலோ காலடியோ கேட்கக்கூடாது என்று யோசித்து யோசித்துக் கட்டியிருந்தார்கள். ஒரு கை நீளத்துக்குத் தடித்த சுவர். மாடி அறைகளுக்கு ஒன்றன் பின் ஒன்றாக இரட்டைக் கதவு. குளியலறையைக் கழுவுகிறவர்கள் யார் கண்ணிலும் படாமல் ஏறி இறங்குவதற்காகப் பின்சுவரை ஒட்டி ஒரு இரும்புச் சுருள் படி. மேலே கத்தினால் கீழே கேட்காது. கேட்க வேண்டுமானால் மணிதான்.

முன்பு இருந்த வாட்ச்மேன் அப்பாவிடம் ஒரு கதை சொல்லியிருந்தார். துரைசானிக்குப் பிரசவ வலி எடுத்தபோது துரை ஊரில் இல்லையாம். மழை. மாடியில் தனியாக மணியை இழுத்துக்கொண்டே இருந்தாளாம். குதிரைக்காரன் குடித்துவிட்டுக் கிடந்தானாம். தாயும் பிள்ளையும் போன பிறகும் மணி மட்டும் நிற்கவில்லையாம். "மழை வலுத்தா அடிக்கும்னான்" என்று அப்பா சொல்லும்போது அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

நாங்கள் குடிவந்த வாரமே மணி அடித்தது. சாயங்காலம், அப்பா, அம்மா, சித்தி, நான் நாலு பேரும் லாயத்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். வீடு பூட்டிக் கிடந்தது. சுருள் கம்பி ஒரு தரம் துள்ளியது, மணி கிணுங்கியது, பிறகு கம்பி மட்டும் ரொம்ப நேரம் நடுங்கிக்கொண்டே இருந்தது. எலி இழுத்திருக்கலாம், மழையில் கம்பி இறுகியிருக்கலாம். இத்தனை வயசுக்கு அப்புறம் இதைத்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் அந்த ஒரு தரம் இழுத்தது யார் என்று எனக்குத் தெரியாது. மற்றதெல்லாம் தெரியும்.

முதலாளி வீட்டார் கிறிஸ்துமஸ் லீவுக்கு வரப்போகிறார்கள் என்று மேனேஜர் சித்தியைப் பெருக்கித் துடைக்க வைத்தார். கீழ்த்தளம் மட்டும்தான் வேலை. மாடிக்குப் பூட்டு, சாவி அவரிடம். மத்தியானம் அப்பா தோப்புப் பக்கம் போய்விடுவார். அம்மா லாயத்தில் சமைப்பாள். சித்தி துடைப்பமும் வாளியுமாக வீட்டுக்குப் போவாள். வண்டிகள் வந்து நிற்கிற முன் முகப்பு லாயத்திலிருந்து தெரியாது. யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று எங்களுக்குத் தெரிய வழியில்லை.

அப்படி ஒரு மத்தியானம் மணி அடித்தது. கிணுங்கல் இல்லை, அடி. விட்டு விட்டு, வெறி பிடித்த மாதிரி. அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு என்னை இழுத்து மடியில் அமுக்கிக்கொண்டு, அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்தாள். நானும் சொன்னேன். மணி நின்ற பிறகும் சொன்னோம். சித்தி வெகுநேரம் கழித்து வந்தாள். "மணி அடிச்சுதே, உனுக்குப் பயமா இல்லியா?" என்று அம்மா கேட்டாள். சித்தி அவளையே பார்த்தாள். பிறகு, "எனுக்கு நாளைக்கு அந்த வூட்டு வேல வேணாம்கா" என்றாள்.

"பயப்படாத. ஜெபமாலைய கழுத்துல போட்டுக்கினு போ. தங்க இடம் குட்த்தவருக்கு இதுகூட செய்லனா எப்படி?"

மறுபடியும் ஒரு நாள் அடித்தது. அப்பா கோயில் உபதேசியாரைக் கூட்டிவந்தார். அவர் லாயத்தின் நாலு மூலையிலும் தீர்த்தம் தெளித்து, மணிக்குக் கீழே நின்று சங்கீதம் படித்தார். நல்ல மனுஷன், கை நடுங்கியது. அதற்குப் பிறகும் அடித்தது. அன்றைக்கு அப்பா லாயத்தில்தான் இருந்தார். எழுந்து போய், கொறட்டால் கம்பியைக் கடித்து அறுத்தார். மணி அரைச் சத்தத்தில் நின்றது. அறுந்த கம்பி குழாய்க்குள் சர்ரென்று உள்வாங்கியது. மேலே யாரோ பலமாக இழுத்துக்கொண்டிருந்த கம்பி அது. அது போன வேகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அப்பா கொறட்டைக் கீழே வைத்துவிட்டு, "இனிமே தொந்தரவு இல்ல" என்றார். அம்மாவுக்கு நிம்மதியில் அழுகை வந்துவிட்டது.

அன்று பொழுது சாயும்போது சித்தி வரவில்லை. தேடிப் போன அம்மா, அவளை இரும்புச் சுருள் படியின் கடைசிப் படியில் கண்டுபிடித்தாள். மழையில் தொப்பலாக உட்கார்ந்திருந்தாள். கூட்டிவந்து துவட்டினோம். பல் கிட்டியது. கொஞ்ச நேரம் கழித்து வாய் திறந்தாள்.

"மணிய இழுத்தேனே. இழுத்துக்கினே இருந்தேனே. ஏன் ஒருத்தரும் வரல?"

அப்பா இரண்டடி பின்னால் போனார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீ எப்படிமா இழுப்ப? மாடி பூட்டி கீதே" என்றார் அப்பா.

"மேல இருந்து இழுத்தேன். வலிச்சுது. கத்தினேன். குதிர கட்ற எடத்துல ஆளுங்க இருந்தாங்க. இருந்தும் வரல."

துரைசானி சொல்லியிருந்தாலும் அதே வார்த்தைகள்தானே? எங்கள் வீட்டில் யாருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. பேய் பிடித்தவளிடம் கேட்பது போல அப்பா நேராக அவளிடமே, "நீ யாரு? இவள மேல கூட்டினு போனது யாரு?" என்று அதட்டினார்.

சித்தி நிமிர்ந்தாள். அப்பாவைத் தாண்டி வாசலைப் பார்த்தாள். வளைவுக்குக் கீழே குடையைப் பிடித்துக்கொண்டு மேனேஜர் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. சித்தியின் வாய் மூடிக்கொண்டது. அதோடு சரி, பிறகு அவள் பேசவில்லை.

"என்னாச்சு?" என்று மெதுவாகக் கேட்டார். அப்பா சொன்னார். மேனேஜர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். "பழைய வீடு. முன்னாடி இருந்த வாட்ச்மேன் பொண்ணுக்கும் இப்படித்தான் ஆச்சு. ஓடிப் போய் ஏரியில விழுந்துட்டா. ஜாக்கிரதை, கட்டி வையுங்க."

அப்பா அவரைக் கும்பிட்டார்.

கட்டினார்கள். குதிரை வளையத்தில், கிணற்றுக் கயிற்றால், இடுப்பைச் சுற்றி. வலிக்காமல் இருக்க அம்மா தன் பழைய புடவையைக் கயிற்றுக்கு அடியில் மடித்து வைத்தாள். சித்தி எதிர்க்கவில்லை. அவளுக்குச் சோறு ஊட்டுவது என் வேலை. பாதி வாயிலிருந்து வழியும். ஒரே ஒரு நாள் என்னிடம் பேசினாள்.

"கம்பிய யாரு அறுத்தது?"

"அப்பா."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கும் மறுநாளும் சோறு இறங்கவில்லை. எங்களுக்குப் பக்கத்துத் தடுப்பில் அவள் மூச்சு கேட்கும். செங்கல் வாடையும் அந்த மூச்சும் சேர்ந்து, நிஜமாகவே ஒரு குதிரை கட்டியிருப்பது போலத் தோன்றும். நான் காதைப் பொத்திக்கொள்வேன்.

மழை விடவில்லை. முதலாளி வீட்டார் வருகிற நாள் நெருங்கியது. ஒரு மத்தியானம் மேனேஜர் வந்து, வேலை பாதியில் நிற்கிறது, யாரையாவது அனுப்புங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்பா தோப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அம்மா, "நானே போறேன்" என்று கழுத்தில் ஜெபமாலையைப் போட்டுக்கொண்டு, வாளியைத் தூக்கினாள். தங்கையின் புடவையைத்தான் உடுத்தியிருந்தாள், அவளுடையது காயவில்லை.

நான் சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மழைச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. மணி தன் பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. சித்தி அந்த மணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தது.

பிறகு இரும்புப் படி அதிர்கிற சத்தம் கேட்டது. அம்மா ஓடிவந்தாள். ரவிக்கையின் ஒரு கை கிழிந்து தொங்கியது, ஜெபமாலை இல்லை. வலது கையில் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தாள். வெள்ளைப் பீங்கானில் நீலப் பூப் போட்ட ஒரு கைப்பிடி, அதன் பின்னால் ஒரு முழத்தில் அற்றுத் தொங்கும் கம்பி. என்னை அவள் பார்க்கவே இல்லை. நேராகச் சித்தியிடம் போனாள். முடிச்சை அவிழ்க்க விரல் வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். கயிறு விழுந்ததும் தங்கையின் காலடியில் அப்படியே உட்கார்ந்து, அந்தப் பாதங்களில் நெற்றியை வைத்துக்கொண்டாள். சித்தி குனிந்து, அம்மாவின் தலையில் கை வைத்தாள்.

அப்பா வந்தபோது மூட்டை கட்டி முடிந்திருந்தது.

"இன்னாடி இது? ரவிக்க இன்னாத்துக்குக் கிழிஞ்சுது?"

"படில வழுக்கி வுழுந்துட்டேன். கெளம்பு."

"இந்த மழைல எங்க போறது? மேனேஜருக்கு இன்னா சொல்றது?"

"அவரு மேலதான் கீறாரு. மண்டைல அடி. அவருக்கும் வழுக்கிடுச்சி" என்றாள் அம்மா. "கெளம்புனு சொன்னேன்."

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். அந்தக் குரலை அவர் அதற்கு முன்னால் கேட்டதில்லை. பேயைக் கண்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். அரிசிப்பானையைத் தூக்கித் தலையில் வைத்தார். மணிமங்கலத்தில் அப்பா வழிச் சொந்தம் ஒருவர் வீட்டுக்கு வயல் வரப்பு வழியாக நடந்தே போனோம். எங்கள் பின்னால் யாரும் வரவில்லை. எந்தப் புகாரும் வரவில்லை. மேனேஜர் யாரிடம் போய் என்ன சொல்லுவார்?

அந்தப் பீங்கான் பிடியை அம்மா வழியில் ஒரு கிணற்றில் போட்டாள். வேண்டுமென்று கேட்டேன். ஓங்கி ஒரு அறை விட்டாள்.

மாடியில் என்ன நடந்தது என்று என் கல்யாணத்துக்கு முந்தின நாள் அம்மா சொன்னாள். மாடிப் பூட்டு திறந்திருந்தது. மேனேஜர் தூசி தட்டச் சொல்லி மேலிருந்து கூப்பிட்டார். இருட்டு அறையில், புடவையைப் பார்த்து, கட்டு அவிழ்த்துச் சித்தியைத்தான் அனுப்பியிருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். அம்மா கையை நீட்டிய இடத்தில் அந்தப் பிடி இருந்தது. இழுத்தாள். "இழுத்தா, கம்பி தானா கைக்கு வருது. அந்தாண்ட ஒண்ணும் இல்ல. அப்பத்தான் எனுக்குப் புரிஞ்சுது" என்றாள். பிடியோடு ஓங்கி அவர் நெற்றியில் அடித்திருக்கிறாள்.

"அப்பாகிட்ட சொன்னியா?"

"சொன்னா, ஒண்ணு போயி அவன வெட்டிட்டு ஜெயிலுக்குப் போவாரு. இல்லனா ஒண்ணும் செய்யாம உக்காந்திருப்பாரு. ரெண்டுல எத பாத்தாலும் என்னால தாங்க முடியாது."

சித்தி தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயே கம்பவுண்டர் ஒருவரைக் கட்டிக்கொண்டாள், இரண்டு பிள்ளைகள். நன்றாகத்தான் வாழ்ந்தாள். கதவைத் தாழிட்டு மட்டும் தூங்க மாட்டாள். சித்தப்பா பாவம், வாசல் கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுத்தே காலத்தைக் கழித்தார். பங்களா பூட்டியே கிடந்து, கூரை விழுந்து, கடைசியில் கம்பெனிகள் வந்தபோது ஜேசிபி வைத்துத் தள்ளிவிட்டார்கள். தேக்குப் பலகைகளை யாரோ லாரியில் ஏற்றிப் போனதாகக் கேள்வி.

அப்பாவுக்கு மட்டும் அது கதையாகத் தங்கிவிட்டது. கல்யாண வீடு, சாவு வீடு, மழைக்குக் கரண்டு போன நேரம், எங்கேயும் சொல்லுவார். துரைசானி மணி அடித்தது, உபதேசியாரே நடுங்கியது, தான் கொறடு எடுத்துக் கம்பியை அறுத்தது. பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கும். சித்தி அந்த இடத்தில் இருந்தால் எழுந்து போக மாட்டாள். எல்லாருக்கும் டீ கொடுத்துக்கொண்டு, முழுசாகக் கேட்டுக்கொண்டு நிற்பாள். அவள் முகத்தை நானும் பார்க்க மாட்டேன், அம்மாவும் பார்க்க மாட்டாள்.

அம்மா இறந்த வருஷத்துக் கிறிஸ்துமஸ். அப்பாவுக்கு அப்போது கண் மங்கிவிட்டது, குரல் மட்டும் கணீரென்று இருந்தது. என் மகன் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் வேலை பார்க்கிறான், ஷிப்டு முடித்துப் பிள்ளைகளோடு வந்திருந்தான். சாப்பிட்ட பிறகு பேத்தி கேட்டாள், அப்பா கதையை ஆரம்பித்தார். கம்பியை அறுக்கிற இடத்துக்கு வந்தார். "அத்தோட ஓடிச்சு பாரு துரைசானி" என்று கையைத் தட்டினார்.

சித்தி டீத் தட்டைக் கீழே வைத்தாள்.

"மாமா, அது துரைசானி இல்ல. நான்."

அப்பா சிரித்தார். "பாத்தியா, இன்னும் அது மறக்கல இவளுக்கு."

"மேனேஜரு மேல கூட்டினு போயி கதவ சாத்தினான் மாமா. நான் உங்களக் கூப்டறதுக்கு அடிச்சேன்."

மகன் பிள்ளைகளை மெதுவாக வெளியே கூட்டிப் போனான். அப்பாவின் கை தட்டின இடத்திலேயே நின்றிருந்தது. மங்கின கண்ணால் சித்தி இருக்கும் திசையைத் தேடினார். பிறகு குரல் வந்தது. கணீர்க் குரல் இல்லை.

"ஏம்மா இத்தினி வருஷமா சொல்லல?"

"சொன்னேனே மாமா" என்றாள் சித்தி. "சொன்னதுக்குத்தான கட்டிப் போட்டீங்க."